ஒரே மாங்கிளை, ஓர் ஆண்டு: பருவங்களை வரைந்து வைப்பது எப்படி?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இருப்பவர்கள் இயற்கைக் குறிப்பேடு தொடங்கக் காட்டைத் தேடிப் போக வேண்டாம். வீட்டருகே ஒரு மாமரமோ புங்கமரமோ இருக்கும். ஆண்டு முழுக்க அதையே வரையுங்கள். பத்து மரங்களை ஆளுக்கொரு தடவை என்பதுபோல ஒரே ஒரு தடவை வரைவதைவிட, ஒரு மரத்தைப் பல தடவை வரைந்தால்தான் பருவம் மாறுவது பிடிபடும்.

1. வாங்க வேண்டியவை

கெட்டித்தாள் நோட்டு, ஹெச்பி பென்சில், தண்ணீரில் கரையாத மைப்பேனா, 12 நிற வாட்டர் கலர் பெட்டி. இவை போதும்.

2. படத்துக்கு முன் எழுத்து

தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா என்பதை முதலில் எழுதுங்கள். தமிழ் மாதத்தையும் சேருங்கள். ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கிற ஊரில் அந்தக் கணக்குதான் பின்னால் ஒப்பிட உதவும்.

3. கிளையில் நூல் கட்டுங்கள்

மார்கழிக் கடைசியில், கண் உயரத்தில் உள்ள ஒரு கிளை நுனியில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரித்து, பத்து நாளைக்கு ஒரு கட்டம் வரையுங்கள். மொட்டு தடிக்கும், பூங்கொத்து நீளும், பிறகு பிஞ்சு பிடிக்கும்.

பூக்களை ஒவ்வொன்றாக வரையப் போனால் சலித்துவிடும். கொத்தின் கூம்பு வடிவத்தை மெலிதாகக் கோடிட்டு, நடுத்தண்டையும் பக்கக் காம்புகளையும் போட்டு, பூக்களைப் புள்ளிகளாக வையுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு பூவை மட்டும் பெரிதாக வரையுங்கள். ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். இருபால் பூவில்தான் பிஞ்சு பிடிக்கும். அதிலும் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பிஞ்சுகளை எண்ணிக் கட்டத்தின் மூலையில் எழுதுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். உங்கள் மரம் ‘பெங்களூரா’ என்ற மா ரகம் என்றால், காய் வளர வளர நுனியில் கிளிமூக்கு எடுப்பதையும் பார்க்கலாம்.

4. நிறம்

பெட்டிப் பச்சையை அப்படியே பூசினால் இலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்து, துளி பழுப்பு சேருங்கள். மாந்தளிருக்குப் பழுப்போடு கொஞ்சம் சிவப்பு. வெளிர் நிறம் முதலில்; அது காய்ந்த பிறகே அடர் நிறம்.

5. மற்ற பக்கங்கள்

மாசி, பங்குனியில் இலையுதிர்த்து நிற்கும் புரசு பூக்கும், புளி உலுக்குவார்கள். வேனிலில் புங்கம்பூ தரையில் கொட்டிக் கிடக்கும். நல்ல மழைக்குப் பின் செம்மண்ணில் சிவப்புத் தம்பளப்பூச்சி ஊரும். ஐப்பசியில் வேலியோரம் செங்காந்தள்: இலை நுனி சுருண்டு கொம்பைப் பற்றுவதையும், இதழ் மஞ்சளிலிருந்து சிவப்பாவதையும் தனித்தனியாக வரையுங்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. பிடுங்காமல் நின்ற இடத்திலேயே வரையுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகு விளையும்போது யானைகள் வயலுக்கு வரும். அப்போது விடியலிலும் அந்தியிலும் காட்டோரம் உட்காராதீர்கள். தெரிந்தவர் வயலில் ஒரு கதிர் கேட்டு வாங்கி, வீட்டுத் திண்ணையில் வைத்தே வரையலாம்.