சூடு, மூலம், வாயு: நாமே பெயர் வைப்பதில் வரும் தவறுகள்

எங்கள் வீட்டில் வயிற்றுத் தொல்லைக்கு மூன்றே பெயர்கள்தான். எரிந்தால் சூடு, உப்பினால் வாயு, ரத்தம் வந்தால் மூலம். வெந்தயமும் மோரும் ஓமத்தண்ணீரும் கைவசம் இருக்கும். பெரும்பாலான நாட்களில் அவையே போதும், மறுக்கவில்லை. ஆனால் போதாத நாளிலும் நாம் அதே மூன்று பெயர்களில் ஒன்றைத்தான் வைக்கிறோம்.

தினமும் காலையில் ஒரு முறை மலம் போகாவிட்டால் உடம்பில் கோளாறு என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும், வாரத்துக்கு மூன்று முறை மட்டும் போகிறவரும் இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பயனில்லை, உங்கள் பழைய வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். முப்பது வருடமாகக் காலைக் காபி குடித்ததும் போய்வந்த மனிதர், காரணமே இல்லாமல் மூன்று நாளுக்கு ஒரு முறை என்று ஆனால், அது மாற்றம்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் போதாது. லூயிஸ், ஹீட்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட 'பிரிஸ்டல்' அட்டவணை, மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை ஆட்டுப்புழுக்கை, நான்காவது வாழைப்பழம்போல் வழுவழுப்பானது, ஏழாவது வெறும் தண்ணீர். "சரியா போகலை டாக்டர்" என்பதைவிட "ஒரு மாதமாக ஆட்டுப்புழுக்கை மாதிரி போகுது" என்பது அவருக்கு எவ்வளவோ உதவும்.

கல்யாண விருந்து, ரயில் பயணம், ஊர்த் தண்ணீர் இவற்றால் இரண்டு மூன்று நாள் மாறுவது பெரிய விஷயமில்லை. மூன்று வாரத்தைத் தாண்டியும் புது வழக்கம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இங்கே நாம் ஒரு கள்ளக்கணக்குப் போடுவோம். இடையில் ஒரு நாள் நன்றாகப் போனால் அன்றிலிருந்து எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குவோம். மூன்று மாதக் கதை இப்படித்தான் "போன வாரம்தான் ஆரம்பிச்சது" ஆகிறது.

இனி ரத்தம். பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு வேறு பெயர் தோன்றுவதில்லை. சிவப்பாக ரத்தம் வந்தால் பெரும்பாலும் அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும் என்பதும் சரியே. ஆனால் மலக்குடலில் வரும் புற்றுநோயும் அதே பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் காட்டலாம். மூலம் இருப்பவருக்கு மேலே வேறொன்று இருக்கக் கூடாது என்று சட்டமில்லை.

என் சித்தப்பாவுக்கு அப்போது 52 வயது. எட்டு மாதம் களிம்பு தடவினார். கடைக்காரர் ஒன்று கொடுத்தார், பிறகு ஒரு மருத்துவர் பார்க்காமலே இன்னொன்று எழுதித் தந்தார். போய்விட்டு வந்த பத்து நிமிடத்தில் மறுபடி போக வேண்டும்போல் இருக்கும், போனால் கொஞ்சம் சீதம் மட்டும் வரும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியபோதுதான் ரத்தம் சோதித்தார்கள்: ஹீமோகுளோபின் 8, அதாவது சோகை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கையுறை போட்டு விரலால் சோதித்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டி கையில் தட்டுப்பட்டது. அறுவை முடிந்து நான்கு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். களிம்புக்குக் கொடுத்த காசை நினைத்துத்தான் இன்றும் புலம்புகிறார்.

ஆகவே, ஆசனவாயைப் பார்க்காமலே மூலத்துக்கு மருந்து எழுதினால், "பார்த்துவிடுங்களேன்" என்று நாமே கேட்கலாம். ரத்தம் மலத்தோடு கலந்து வருவது, சீதம், முழுசாகப் போகாத உணர்வு, காரணமில்லாத சோகை, இவற்றில் எது சேர்ந்தாலும் களிம்போடு நிறுத்தக் கூடாது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது. ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும்.

'சின்ன வயசுதானே' என்பதும் உத்தரவாதம் இல்லை. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் பெருங்குடல் புற்றுநோயால் 2020இல் இறந்தபோது வயது 43. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். நம் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்குத்தான். குடலுக்கு யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் எப்போது சோதிப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

அப்புறம் நிறம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போனால் அலற வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார்போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, குமட்டும் நாற்றத்தோடு போனால் இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் வலிமாத்திரை போடுகிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். களிமண்போல் வெளுத்துப் போய், கண்ணும் மஞ்சளாக இருந்தால் பித்தநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கலாம். கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது, அதைச் செய்கிறவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். பாட்டி ஒரு வாரம் போகவில்லை. திடீரென்று தண்ணியாகத் துணியை நனைத்துக்கொண்டே இருக்கிறார். வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்துகிற மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம். உண்மையில் உள்ளே மலம் கல்லாகி அடைத்திருக்கும். தண்ணீர் அதன் ஓரமாகக் கசியும். மாத்திரை அந்த அடைப்பை இன்னும் இறுக்கிவிடும்.

மலச்சிக்கலுக்கு நாம் முதலில் காரணம் தேட வேண்டிய இடம் மருந்துப் பெட்டி. இரும்புச்சத்து, கால்சியம், டிரமடால் என்ற வலிமாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாமே கட்டும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் இளக்கும். ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. தைராய்டு குறைந்தால் சிக்கல், கூடினால் பேதி. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கடையில் கிடைக்கும் பல சூரணங்களில் நிலாவாரை என்ற பேதி மூலிகை இருக்கிறது. எப்போதாவது சாப்பிடுவதில் தப்பில்லை. புதிதாக வந்த சிக்கலுக்கு அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் தவறு. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது சூரணமும் கூடாது, விளக்கெண்ணெயும் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வயிற்றாலே போகும்போது பட்டினி போடுவது இன்னும் ஒழியவில்லை. இட்லி, கஞ்சி, மோர்சாதம் சாப்பிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால், உப்பு அளவுக்கு மீறிப்போய் ஆபத்தாகும். காய்ச்சலும் ரத்தமும் சேர்ந்த பேதியை மாத்திரை போட்டு நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் நீளும் பேதி, சாயந்திரக் காய்ச்சல், எடை குறைதல் மூன்றும் சேர்ந்தால் குடல் காசநோயை நினைக்க வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. 'உங்களுக்கு டென்ஷன், அதான் வயிறு' என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம்: தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி டென்ஷன் வயிற்றில் பொதுவாக இருக்காது. எடை குறைவதைப் பார்த்து "டயட் இல்லாமலே இளைச்சுட்டேன்" என்று சந்தோஷப்படுவதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி எழுதிக்கொடுத்தால் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் சோதனையே பெரிதாகத் தெரியாது. கஷ்டம் முந்தின நாள்தான். லிட்டர் கணக்கில் அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்து, கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடக்க வேண்டும். பாதி குடித்தபோதே 'இதுபோதும்' என்று நிறுத்தினால் குடல் சுத்தமாகாது, மறுபடி முதலிலிருந்து. ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இடையில் குடிக்க இளநீர் கொண்டுபோகலாம், சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம். கேமராவில் அது ரத்தம்போலவே தெரியும்.