எலும்பில் ஒன்றுமில்லை என்று எந்த ஸ்கேன் சொன்னது? ஸ்மோல்டரிங் மைலோமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீறு பூத்த நெருப்பு என்போமே, ஸ்மோல்டரிங் மைலோமா கிட்டத்தட்ட அதுதான். மைலோமா என்பது மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் (எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளணுக்கள்) வரும் ரத்தப் புற்றுநோய். ஸ்மோல்டரிங் நிலையில் மைலோமா செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கின்றன, ஆனால் உடம்பில் எதையும் இன்னும் கெடுக்கவில்லை. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும், அல்லது ரத்தத்தில் எம்-புரோட்டீன் (அந்தச் செல்கள் சுரக்கும் ஒரே வகைப் புரதம்) டெசிலிட்டருக்கு 3 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். கூடவே கால்சியம், சிறுநீரகம், ஹீமோகுளோபின், எலும்பு நான்கிலும் மைலோமாவால் வந்த பழுது எதுவும் இருக்கக் கூடாது.

முதல் மூன்றும் ரத்தப் பரிசோதனையில் எண்ணாக வந்துவிடும். எலும்பு அப்படியில்லை. யார், எதைக் கொண்டு, எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஒரே ஆள், ஒரே வாரம், ஒரு ஸ்கேனில் ஸ்மோல்டரிங், இன்னொரு ஸ்கேனில் சிகிச்சை தேவைப்படும் மைலோமா. இது நடக்கக்கூடியதுதான். அதனால் 'எலும்பில் ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது 'எந்த ஸ்கேனில்?' என்பதுதான்.

எக்ஸ்ரேயை நம்பி முடிவுக்கு வருவதுதான் பழைய தவறு. தலையிலிருந்து தொடை வரை துண்டு துண்டாக எக்ஸ்ரே எடுப்பது பல வருடம் வழக்கமாக இருந்தது. சிக்கல் என்னவென்றால், ஓரிடத்தில் எலும்பு 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். முதுகெலும்பிலும் இடுப்பிலும் குடல் வாயுவின் நிழல் விழுந்து இன்னும் மறைக்கும். இப்போது முதலில் எடுக்கச் சொல்வது முழு உடல் லோ-டோஸ் சி.டி. சில நிமிட வேலை, ஊசி வழியாக கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றத் தேவையில்லை (மைலோமாவில் சிறுநீரகத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை). பன்னாட்டு மைலோமா பணிக்குழு 2014-இல் திருத்திய விதிப்படி, சி.டி-யிலோ பெட்-சி.டி-யிலோ (செல்கள் சுறுசுறுப்பாக இருக்கும் இடம் ஒளிரும் பெட் ஸ்கேனும் சி.டி-யும் சேர்ந்தது) 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஒரே ஒரு லைட்டிக் ஓட்டை, அதாவது எலும்பு கரைந்த ஓட்டை, தெரிந்தாலும் அது ஸ்மோல்டரிங் அல்ல.

அடுத்தது போன் ஸ்கேன். பெயரிலேயே போன் இருப்பதால் இதுதான் சரியான டெஸ்ட் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் மைலோமாவுக்கு இது பொருந்தாது. டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் அந்த ஸ்கேன், எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடங்களைத்தான் காட்டும். மைலோமா எலும்பைக் கரைப்பதோடு, கட்டும் செல்களையும் முடக்கிவிடுகிறது. ஓட்டை பெரிதாக இருந்தாலும் ஸ்கேனில் ஒளிராமல் போகலாம். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நார்மலாக இருப்பதற்கும் இதே காரணம்தான், எனவே அது நார்மல் என்பதை எலும்பு நன்றாக இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெக்ஸா ஸ்கேன் வேறு கதை. எலும்பின் அடர்த்தியை அளக்க நல்லது, ஓட்டை தேட அல்ல.

சரி, சி.டி. சுத்தமாக வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிடுவதுதான் இன்று நடக்கும் பெரிய தவறு என்பேன். சி.டி. பார்ப்பது எலும்பின் சுவரை, எம்.ஆர்.ஐ. பார்ப்பது உள்ளே இருக்கும் மஜ்ஜையை. சுவர் இடிவதற்கு முன்பே உள்ளே செல்கள் கூட்டமாகக் குவிந்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதுகெலும்பும் இடுப்பும் மட்டுமாவது எடுக்க வேண்டும். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஃபோக்கல் லீஷன் (செல்கள் ஓரிடத்தில் குவிந்த புள்ளி) ஒன்றுக்கு மேல் இருந்தால், எலும்பில் ஓட்டையே இல்லாவிட்டாலும் அது சிகிச்சை தேவைப்படும் மைலோமா. ஒன்றே ஒன்றுதான், அல்லது சந்தேகமாக இருக்கிறது என்றால் 3 முதல் 6 மாதத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள். பெட் ஸ்கேனில் ஓரிடம் ஒளிர்கிறது, ஆனால் அதே இடத்தில் சி.டி-யில் ஓட்டை இல்லை என்றால், அந்த ஒளிர்வை மட்டும் வைத்து நோயின் பெயர் மாறாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்கள் உண்டு.

இனி எதிர்ப்பக்கத் தவறு, கண்ணில் பட்ட புள்ளியெல்லாம் மைலோமா என்று முடிவு கட்டுவது. நடுத்தர வயதைத் தாண்டிய யாருடைய முதுகெலும்பையும் எம்.ஆர்.ஐ-யில் பார்த்தால் ஏதாவது ஒன்று தென்படத்தான் செய்யும். ஹீமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய் முடிச்சு, டிஸ்க் அழுந்தியதால் வந்த ஷ்மோர்ல் குழி, போன் ஐலண்ட் என்ற கெட்டியான சின்ன எலும்புப் புள்ளி, தேய்மானம். இவை எதுவுமே புற்றுநோய் அல்ல. எலும்பு மெலிந்ததால் முதுகெலும்பு நசுங்கியிருந்தாலும், லைட்டிக் ஓட்டை இல்லாமல் அது மட்டும் மைலோமாவின் எலும்புப் பழுது என்று சொல்லப் போதாது. ரிப்போர்ட்டில் 'எல்3-இல் (கீழ்முதுகின் மூன்றாவது எலும்பில்) 6 மி.மீ. புள்ளி, கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' என்று ஒரு வரி இருக்கும். அதன் பொருள் 'இது என்னவென்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை, நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துப் பாருங்கள்' என்பதுதான்.

இந்தக் குழப்பத்தில் பாதி, ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டிலேயே தொடங்குகிறது. 'முதுகுவலி' என்று மட்டும் எழுதியிருந்தால் ரேடியாலஜிஸ்ட் டிஸ்க்கையும் நரம்பையும் பார்ப்பார். 'ஸ்மோல்டரிங் மைலோமா, ஃபோக்கல் லீஷன் உண்டா, எத்தனை, என்ன அளவு' என்று எழுதியிருந்தால் அவர் எண்ணி அளந்து சொல்வார். படம் ஒன்றுதான், பதில் வேறு. ஸ்கேனுக்குப் போகும்போது சீட்டை ஒரு தடவை படித்துவிட்டு, நோயின் பெயர் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியும் ஒரு புள்ளி சந்தேகமாகவே இருந்து, அதை வைத்துத்தான் சிகிச்சை முடிவாகும் என்றால், அந்த இடத்திலேயே பயாப்ஸி எடுக்க முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. அது வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயாகக்கூட இருக்கலாம்.

ரத்தம், சிறுநீர் பக்கம் சுருக்கமாக. பிளாஸ்மா செல்கள் சுரக்கும் சிறு புரதத் துண்டுகள்தான் ஃப்ரீ லைட் செயின். அதில் கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. நோயால் கூடியிருக்கும் வகைக்கும் மற்றதற்கும் உள்ள விகிதம் 100-ஐத் தொட்டால் அதுவும் சிகிச்சைக்கான அடையாளம், ஆனால் கூடியிருக்கும் செயின் லிட்டருக்கு 100 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் கப்பா, லாம்டா இரண்டுமே ஏறும், அதனால் இரண்டும் சேர்ந்து ஏறியதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். லேபுக்கு லேப் முறை மாறுவதால் ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் கொடுங்கள். சாதாரண ஸ்ட்ரிப் சோதனை ஆல்புமினைத்தான் பிடிக்கும், லைட் செயினைத் தவறவிடும், அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீர் கேட்கிறார்கள். காலையில் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம் மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே மைலோமா தலையில் பழி போடாமல் இரும்புச்சத்தையும் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

மஜ்ஜைப் பரிசோதனையில் பிளாஸ்மா செல்கள் உறிஞ்சி எடுத்த திரவத்தில் 8 சதவீதம், பயாப்ஸித் துண்டில் 25 சதவீதம் என்று வரலாம். திரவத்தில் ரத்தம் கலந்து நீர்த்துப்போவதால் இப்படி ஆகும். கணக்கில் எடுப்பது கூடுதலாக வந்த எண்ணைத்தான்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டால், ஆபத்து எல்லோருக்கும் ஒன்றில்லை. முதல் ஐந்து வருடத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பேருக்கு மைலோமாவாக மாறுகிறது, அடுத்த ஐந்து வருடத்தில் அது ஆண்டுக்கு 3 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம். எம்-புரோட்டீன் 2 கிராமுக்கு மேல், லைட் செயின் விகிதம் 20-க்கு மேல், மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 20 சதவீதத்துக்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே உயர் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு டாரடுமுமாப் என்ற மைலோமா மருந்தைக் கொடுக்க 2025-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே எலும்பில் லீஷன் உள்ள ஒருவரை ஸ்மோல்டரிங் என்று நினைத்து இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால், மைலோமாவுக்குத் தர வேண்டிய முழுச் சிகிச்சைக்குக் குறைவாகக் கொடுத்ததாகிவிடும்.

செக்கப்புக்கு நடுவில் புதிதாக முதுகுவலி வந்து, படுத்தாலும் விடாமல் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். கால் பலம் இழந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது.

இன்னொன்று, ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போன வருடம் 4 மில்லிமீட்டராக இருந்த புள்ளி இந்த வருடம் 7 ஆகியிருக்கிறதா என்பதைப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும்.