முதல் மசில் கார் புதுப்பிப்பு: ஸ்பானரை எடுப்பதற்கு முன் போட வேண்டிய திட்டம்

பெரிய, வலுவான எஞ்சினுக்குப் பேர்போன பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றைப் புதுப்பிக்க முதன்முறையாகத் துணிபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். 1964-இல் போன்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்று விற்ற நாளிலிருந்து இந்த வண்டிகளின் கவர்ச்சியே எஞ்சின்தான் என்பதால், அது இயல்பே. ஆனால் திட்டமிடும்போது எஞ்சினை இரண்டாம் இடத்தில் வைப்பதே நல்லது. வார்ப்பிரும்பால் ஆன, எளிய அமைப்புடைய அந்த வி8 எஞ்சின்களை நல்ல லேத் பட்டறை எதுவும் சிலிண்டர்களைக் குடைந்து அகலப்படுத்தி, பிஸ்டன் மாற்றிச் சீர்செய்துவிடும். அதற்கான செலவையும் ஓரளவு முன்கூட்டியே கணித்துவிடலாம். பணத்தையும் காலத்தையும் கணக்கின்றி விழுங்குவது தகரமும் பெயிண்டும்தான். ஆகவே எந்த வண்டியை வாங்குவது என்ற முடிவே திட்டத்தின் பெரும்பகுதி என்று கொள்ளலாம்.

அதற்கும் முன்பாக, முடிந்த வண்டி எதற்குப் பயன்படப்போகிறது என்பதைத் தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோவது என்றால், போல்ட்டின் தலையில் உள்ள குறியும் கார்புரேட்டரின் தேதி முத்திரையும்கூடப் பொருந்த வேண்டியிருக்கும். வார இறுதியில் ஓட்டுவதற்கான வண்டி என்றால், டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், எலக்ட்ரானிக் இக்னிஷன் ஆகியவற்றை உறுத்தலின்றிப் பொருத்திக்கொள்ளலாம். பழைய உடலுக்குள் முழுதும் நவீன எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் வைப்பது மூன்றாவது வழி. அதற்குச் சொந்தமாக வடிவமைத்துப் பொருத்தும் திறன் வேண்டும் என்பதால் புதியவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் வண்டிக்கு இரண்டாவது வழியே ஏற்றது. மாற்றங்களை வெட்டாமல், ஒட்டாமல், போல்ட்டில் பொருத்துபவையாக வைத்துக்கொண்டு, கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரப்படுத்தினால் பின்னாளில் மனம் மாறினாலும் இழப்பில்லை.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசைக்குச் சமமாக உதிரிபாகக் கிடைப்பையும் எடைபோட வேண்டும். 1960-களின் ஃபோர்டு மஸ்டாங், 1967 முதல் 1969 வரையிலான ஷெவ்ரலே கேமரோ ஆகியவற்றுக்கு ஏறக்குறைய எல்லாத் தகரப் பகுதிகளும் இன்று புதிதாகவே தயாராகின்றன. குறைவாக விற்ற மாடல்களில் மெக்கானிக்கல் பாகங்கள் கிடைத்துவிடும். ஆனால் கிரில், விளக்கு வளையம், பக்கவாட்டு அலங்காரப் பட்டை போன்றவற்றைத் தேடியே ஆண்டுகள் கழியும். அதனால் மலிவான, பாதிப் பாகங்கள் காணாமல்போன வண்டியைவிட, விலை கூடினாலும் முழுமையாக இருக்கும் வண்டியே இறுதியில் சிக்கனமாக முடிகிறது. கட்டமைப்பையும் கவனிக்க வேண்டும். ஜிடிஓ, ஷெவ்ரலே ஷெவெல் போன்றவற்றில் உடல் தனி, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் தனி. மஸ்டாங்கிலும் டாட்ஜ் சார்ஜரிலும் உடலே சேசிஸ் என்பதால், அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டத்தில் துரு பிடித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே பழுதுபட்டதாகப் பொருள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின்சக்கர வளைவுகளிலும் கதவின் அடிப்பகுதியிலும் நகர்த்தினால், அது ஒட்ட மறுக்கும் இடமெல்லாம் பட்டி பூசி மறைக்கப்பட்டவை. வினைல் கூரை இருந்தால் பின்கண்ணாடியின் கீழ் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கு அடியில் மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே தகரம் அரித்துப்போயிருக்கிறது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, தரையையும் பின்சக்கரங்களுக்குப் பின்னுள்ள இரு பக்கக் குழிகளையும் பார்க்க வேண்டும். மஸ்டாங் என்றால் முன்கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துளைகளில் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. கால் வைக்கும் இடத்தில் நீர் சொட்டினால், அந்தப் பகுதியைச் சரிசெய்ய முன்பக்கம் முழுவதையும் பிரித்து, தகரங்களைப் புள்ளி புள்ளியாக இணைத்துள்ள ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். விலை பேசும்போது இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது அடையாளம். சாதாரண மாடலுக்கு உயர்ரக மாடலின் பெயர்ப் பட்டயங்களை ஒட்டி விற்பது இந்தச் சந்தையில் பழைய கதை. தொழிற்சாலையில் வண்டியில் பொறித்த அடையாள எண்ணில் (VIN), மஸ்டாங் என்றால் ஐந்தாவது எழுத்து அந்த வண்டி எந்த எஞ்சினோடு பிறந்தது என்பதைச் சொல்லிவிடும். ஷெவ்ரலே வண்டிகளிலோ 1971 வரை அந்த எண் எஞ்சினைப் பற்றி, ஆறு சிலிண்டரா வி8-ஆ என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் எதையும் சொல்லாது. 1964, 1965 ஜிடிஓ-க்கள் லெமான்ஸ் மாடலின் ஒரு கூடுதல் வசதித் தொகுப்பாக விற்கப்பட்டவை. எண்ணை மட்டும் வைத்து அவற்றை உறுதிசெய்ய முடியாது, ஆவணம் வேண்டும். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து மாறினாலும், எவ்வளவு நல்ல வண்டியானாலும் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான சமயங்களில் ஏற்கெனவே புதுப்பித்த வண்டியை வாங்குவதே மலிவு என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும். லாபக் கணக்கு போடுபவர்களுக்கு இது ஏற்ற வேலையன்று. தகரம், பெயிண்ட், எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், வயரிங், இருக்கைத் துணி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை விசாரித்து, மொத்தத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்குங்கள். புதியவர்கள் குறைத்து மதிப்பிடுவது குரோம் முலாமை. இரும்பு பம்பருக்கு முலாம் பூசுவது நேரடியான வேலை. புள்ளி புள்ளியாக அரித்துப்போன துத்தநாக வார்ப்புப் பாகங்களை நிரப்பி, தேய்த்து, முலாம் பூசுவதற்கோ பன்மடங்கு செலவாகும், காத்திருப்பும் நீளும்.

பிரித்துப் போட்ட கார், முழுக் காரைவிட இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இடம் இல்லாதவர்கள், ஓடும் நிலையில் உள்ள வண்டியை வாங்கி, ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றிச் சரிசெய்வது உத்தமம். பாதியில் நின்று விற்பனைக்கு வரும் வண்டிகளில் பல, ஆர்வ மிகுதியில் ஒரே மூச்சில் கழற்றப்பட்டவை. எதைக் கழற்றினாலும் முன்னதாகப் படமெடுத்து, அதன் போல்ட்டுகளைத் தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதுங்கள். புதுப் பாகம் பொருந்தும்வரை பழையதை எறியாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.

வேலையின் வரிசை தகரத்தில் தொடங்கட்டும். துருப்பிடித்த தரையையோ கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியையோ வெட்டுவதற்கு முன், கதவுச் சட்டத்தின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து உடலை இறுக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உடல் சில மில்லிமீட்டர் தொய்ந்து, அதன் பின் எந்தக் கதவும் சரியாக மூடாது. புதுத் தகரத்தை முழுதாகப் பற்றவைக்கும் முன் கதவு, பானட், டிக்கி மூடி அனைத்தையும் மாட்டி இடைவெளியைச் சரிபார்ப்பதும், இடைவெளியைப் பார்க்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின் மேலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் அவசியம். பெயிண்ட் அதற்குப் பிறகுதான்.

மெக்கானிக்கல் பகுதியில் முதலில் பிரேக். 1967-க்கு முந்தைய பெரும்பாலான மாடல்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான் உண்டு; எங்காவது ஒரு குழாய் கசிந்தால் மிதி தரையைத் தொட்டுவிடும். முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியே பிரேக் அழுத்தம் தரும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதை, ஒரிஜினல் மோகம் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பும்போது, ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளையும் (வால்வு அமரும் வளையங்கள்) போடச் சொல்லிவிடலாம். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டைப் புதிதாக, அதன் மேல் உராய்ந்து நகரும் தட்டையான டாப்பெட்டுகளோடு போட்டிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் குறைந்த வேகத்தில் (ஐடிலில்) விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை சற்றே ஏற்றி இறக்கி இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். எண்ணெயில் துத்தநாகம் போதுமான அளவு இருக்க வேண்டும். அது முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.