செப்டிக் டேங்க் அவுட்லெட்ல ஒரு டீ போடுங்க

கிராமத்துல வீடு கட்டுறவங்க செப்டிக் டேங்க் அவுட்லெட்ல பைப்பை சும்மா நேரா சொருகி விடாம 4 இன்ச் பிவிசி டீ (T எழுத்து மாதிரி இருக்குற பைப் ஜாயின்ட்) ஒண்ணு மாட்டி, கீழ்ப்பக்கம் தண்ணி மட்டத்துக்கு கீழ ஒரு அடி, ஒன்றரை அடி இறங்குற மாதிரி பைப் துண்டு போட்டுடுங்க, மேல்வாயை அடைக்காம திறந்தே விடுங்க. டேங்க்ல எண்ணெய், நுரை, மிதக்குற கசடு எல்லாம் மேல ஏடு மாதிரி நிக்கும், சேறு அடியில தங்கிடும், நடுவுல இருக்குற தண்ணிதான் ஓரளவு தெளிவு. டீ அந்த நடுத்தண்ணியை மட்டும் வெளிய விடுறதால உறிஞ்சு குழி சீக்கிரம் அடைக்காது, புதுக்குழி தோண்டுற செலவு தள்ளிப்போகும். மேஸ்திரி "அதெல்லாம் எதுக்குங்க, தண்ணி தானா போயிரும்"னுதான் சொல்லுவாரு, விடாதீங்க, செலவு ரொம்ப கம்மி. அப்படியே அவுட்லெட் இன்லெட்டை விட 2 இன்ச் கீழ இருக்கான்னும் பாத்துக்குங்க.

அடியில தளம் போடாம வெறும் உறை இறக்குன குழிக்கும் ரெட்டைக்குழி கக்கூஸுக்கும் இது தேவையில்ல, அதுல தண்ணி நேரா மண்ணுலயே இறங்கிடும். டேங்க்ல சேறு ரொம்பி டீ வாய் வரைக்கும் வந்துட்டா டீயும் காப்பாத்தாது, லாரி வெச்சு எடுத்துத்தான் ஆகணும்.