செயலி மெதுவாகிவிட்டதா? நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்

செயலி மெதுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னவுடன், சேர்வரைப் பெரிதாக்குவோம் என்ற யோசனைதான் முதலில் எழும். கொழும்பில் அது செலவு மிகுந்த யோசனை. கிளவுட் கட்டணம் டொலரில் போகிறது, வருமானம் ரூபாயில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. பணத்தை விட்டாலும் இன்னொரு காரணம் உண்டு. எதற்காகவோ காத்து நிற்கும் செயலிக்கு எவ்வளவு பெரிய சேர்வர் கொடுத்தாலும் அது காத்துத்தான் நிற்கும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் ஒரு மொத்தப் புடவைக் கடை. பில் போட ஒரு வலைச் செயலி வைத்திருக்கிறார்கள். சேர்வர் சிங்கப்பூரில். முன்னால் கோரிக்கைகளை வாங்கிச் செயலியிடம் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். "காலையில் பில் பட்டியல் திறக்கவே மாட்டேன் என்கிறது, தம்பி" என்கிறார் முதலாளி.

படி 1: முறைப்பாட்டை அளவாக மாற்றுங்கள்

எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு? கைபேசியிலா, கடைக் கணினியிலா? எத்தனை செக்கன்? இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் கடையில் தாமதம் ஆறு செக்கன் என்று வைத்துக்கொள்வோம். சேர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. முதலாளி சொல்லும் காலை 10 மணியை லொக்கில் (சேர்வர் நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்பில்) 04:30 என்று தேட வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால், பிரச்சினையே இல்லாத ஒரு நேரத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள்.

படி 2: உலாவியில் பாருங்கள்

குரோமில் எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். மெதுவான வரியைச் சொடுக்கினால், இணைப்பு ஏற்படுத்திய நேரம், சேர்வரின் பதிலுக்குக் காத்திருந்த நேரம், பதிலை இறக்கிய நேரம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இறக்கும் நேரம் அதிகம் என்றால் படங்களும் ஸ்கிரிப்டுகளும் பருத்திருக்கின்றன. காத்திருப்பு அதிகம் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

சிங்கப்பூர் தூரம்தான் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகும். அப்படியென்றால் போய்வர ஆகக்குறைந்தது 27 மில்லிசெக்கன். கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் இன்னும் கூடும். ஆறு செக்கன் தாமதத்தை இது விளக்காது. ஆனால் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக 40 தடவை சேர்வரை அழைத்தால், தடவைக்கு 50 மில்லிசெக்கன் வீதம் 2 செக்கன் பயணத்திலேயே போய்விடும்.

படி 3: சேர்வர் லொக்கில் நேரத்தை எழுதவையுங்கள்

என்ஜின்எக்ஸின் வழக்கமான லொக் வடிவத்தில் கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இருக்காது. லொக் வடிவத்தில் ரிக்குவெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பொன்ஸ் டைம் என்ற இரண்டு மாறிகளையும் சேருங்கள். முதலாவது மொத்த நேரம். இரண்டாவது உங்கள் செயலி எடுத்த நேரம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் தாமதம் செயலிக்குள். முதலாவது மட்டும் பெரிதென்றால், பெரும்பாலும் பயனரின் இணைப்பு மெதுவானது.

சராசரியை நம்பாதீர்கள். 100 கோரிக்கைகளில் 90 தலா 200 மில்லிசெக்கனிலும், 10 தலா 6 செக்கனிலும் முடிந்தால் சராசரி 780 மில்லிசெக்கன். அந்த 780ஐ அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை. நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கி 50ஆவது, 95ஆவது, 99ஆவது இடங்களைப் பாருங்கள். முதலாளி பேசுவது 95ஆவது இடத்தைப் பற்றி.

லொக்கில் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தையோ அடையாள அட்டை இலக்கத்தையோ எழுதவேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் பொறுப்பு.

படி 4: இயந்திரத்தைப் பாருங்கள்

லினக்ஸில் டொப் கட்டளை போதும். லோட் சராசரியை (ஓடிக்கொண்டோ வரிசையில் காத்துக்கொண்டோ இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை) சீபீயூ கோர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். நான்கு கோர்களுக்கு 4 என்பது அச்சப்படும் அளவல்ல, ஒரே கோருக்கு 4 என்றால் நெரிசல். ரேமில் ஃப்ரீ எண்ணை விட்டுவிட்டு, உண்மையில் பயன்படுத்தக் கிடைப்பதைக் காட்டும் அவெயிலபிள் எண்ணைப் பாருங்கள். ஸ்வொப் (ரேம் போதாதபோது வட்டைப் பயன்படுத்துவது) தொடர்ந்து ஓடுகிறதா என்றும் கவனியுங்கள்.

சீபீயூ அமைதியாக இருக்கிறது, வட்டு அமைதியாக இருக்கிறது, ஆனால் பயனர் ஆறு செக்கன் காத்திருக்கிறார் என்றால் மகிழ்ச்சியடையுங்கள். உங்கள் செயலி வேலை செய்யவில்லை, யாருக்காகவோ காத்திருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. அந்த "யாரோ" பெரும்பாலும் தரவுத்தளம். சிலவேளை எஸ்எம்எஸ் அனுப்பும் வெளிச்சேவை, அல்லது தரவுத்தள இணைப்பு காலியாவதற்கான வரிசை.

படி 5: தரவுத்தளம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். செயலி தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வினவல். போஸ்ட்கிரெஸ் மெதுவான வினவல்களைத் தானாகப் பதிவதில்லை. லொக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட் என்ற அமைப்பை 500 மில்லிசெக்கனுக்கு வையுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அதன் மெதுவான வினவல் லொக் ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும், இயக்கினாலும் எல்லை 10 செக்கன். நம் ஆறு செக்கன் வினவல் அதில் அகப்படாது.

அகப்பட்ட வினவலின் முன்னால், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்ற சொற்களைச் சேர்த்து ஓட்டுங்கள். அது வினவலை உண்மையிலேயே இயக்கும். ஆகவே அழிக்கும், மாற்றும் கட்டளைகள் என்றால் ஒரு பரிவர்த்தனைக்குள் ஓட்டி ரோல்பேக் செய்யுங்கள் (மாற்றத்தை மீளப்பெறுங்கள்). பெரிய அட்டவணை ஒன்றில் சில வரிகளுக்காக முழு அட்டவணையையும் வாசிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன் தெரிந்தால், தேடும் நிரலுக்கு (அட்டவணையின் கொலத்துக்கு) இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் சுட்டி, இருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு வரிகளே உள்ள அட்டவணையில் அது குறையல்ல, இன்டெக்ஸ் போட்டு உழைப்பை வீணாக்க வேண்டாம்.

மெதுவான வினவல் லொக்கில் ஒருபோதும் வராத குற்றவாளி ஒருவர் உண்டு. பில் பட்டியலில் 500 பில்கள். செயலி அவற்றை ஒரு வினவலில் எடுக்கிறது. பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கிறது. மொத்தம் 501 வினவல்கள். ஒவ்வொன்றும் 3 மில்லிசெக்கனில் முடிவதால் எந்த எல்லையையும் தாண்டுவதில்லை, சேர்த்துப் பார்த்தால் ஒன்றரைச் செக்கன். வினவல்களை எண்ணிவைக்கும் பீஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற போஸ்ட்கிரெஸ் நீட்சியை இயக்கி, அழைப்பு எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்தினால் இது மேலே வந்து நிற்கும். பில், வாடிக்கையாளர் என்ற இரண்டு அட்டவணைகளையும் ஜொயின் செய்து (இணைத்து) ஒரே வினவலில் எடுத்தால் தீர்ந்தது. உங்கள் மடிக்கணினியில் இருபது பில்களை வைத்துச் சோதித்தபோது இது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

படி 6: ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளவிடுங்கள்

இன்டெக்ஸையும் கேஷையும் (அடிக்கடி கேட்கும் பதில்களைத் தற்காலிகமாகச் சேமித்துவைப்பதையும்) ஒரே நாளில் போட்டால் எது பயன் தந்தது என்று தெரியாது. திங்கட்கிழமை காலையைத் திங்கட்கிழமை காலையோடு ஒப்பிடுங்கள். போயா தினத்து அளவை எடுத்துக்கொண்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். அன்று புறக்கோட்டையில் பில் போடுவோர் குறைவு.

படி 7: தொடர்ந்து கவனிக்க

ப்ரோமீதியஸ், கிரஃபானா இரண்டும் இலவசம். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கிய ப்ரோமீதியஸ் உங்கள் செயலியிடமிருந்து அளவுகளைக் குறித்த இடைவெளியில் எடுத்துச் சேமிக்கும். கிரஃபானா அவற்றை வரைபடமாகக் காட்டும். பதில் நேரம், கோரிக்கைகளின் எண்ணிக்கை, பிழைகள், வளங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்ற நான்கு வரைபடங்களோடு தொடங்குங்கள். ப்ரோமீதியஸ் தரவை வழக்கமாக 15 நாள்தான் வைத்திருக்கும். சித்திரைப் புத்தாண்டு நெரிசலைத் தீபாவளி நெரிசலோடு ஒப்பிட விரும்பினால் அந்தக் காலத்தை இப்போதே நீட்டிவையுங்கள்.

எச்சரிக்கைச் செய்தியைச் சீபீயூ அளவுக்கு வைக்காமல் பயனர் உணரும் நேரத்துக்கு வையுங்கள்: 95ஆவது இடத்து நேரம் பத்து நிமிடம் தொடர்ந்து 2 செக்கனுக்கு மேல் இருந்தால் செய்தி வரட்டும். அதில் பக்கத்தின் பெயரும், வரைபடத்தின் இணைப்பும், இலங்கை நேரமும் இருக்கட்டும்.