ஷ்டெக்லின் ஏரிக் காட்டில் கிராவல் சைக்கிள் ஓட்டுவது எப்படி

பெர்லினுக்கு வடக்கே, பிராண்டன்பர்க் மாநிலத்தின் வட எல்லையை ஒட்டி, ஷ்டெக்லின்–ருப்பின் இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. 2001-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தப் பூங்கா, ஏறத்தாழ 680 சதுர கிலோமீட்டர் பரப்பில் பீச் (beech) எனும் இலையுதிர் மரக் காடுகளையும் பைன் காடுகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளையும் உள்ளடக்கியது. வரைபடத்தில் மேடு பள்ளம் குறைவாகத் தெரிவதால், சரளை, மண் பாதைகளுக்கான அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிளில் இங்கே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவது எளிது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பூங்காவில் சைக்கிள் ஓட்டுபவரின் கால்களைக் களைக்க வைப்பது ஏற்றம் அன்று, மணல். ஆகவே, தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன் தரையின் இயல்பை அறிந்துகொள்வதே முதல் வேலை.

கடைசிப் பனியுகத்தின் இறுதியில் பனிப்பாறைகள் உருகியபோது, அந்த உருகுநீர் அள்ளிவந்து பரப்பிய மணலே இப்பகுதியின் அடித்தளம். மண்ணுக்குள் புதைந்து கிடந்த பெரும் பனிக்கட்டிகள் பின்னர் உருகியதால் உண்டான பள்ளங்கள்தாம் இன்றைய ஏரிகளில் பல. இந்த வரலாறு டயருக்கு அடியில் ஒவ்வொரு நிமிடமும் உணரப்படும். பொதுவாக, பீச் மரங்கள் அடர்ந்த இடங்களில் இலைமக்கும் வேர்களும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால் பாதை உறுதியாக இருக்கும். வெளிர்நிறப் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் இடங்களில், அதிலும் மரம் ஏற்றிச் செல்லும் கனரக வண்டிகள் அண்மையில் போயிருந்தால், சக்கரம் புதையும் மணலை எதிர்பார்க்கலாம். முன்னால் தெரியும் மரத்தைப் பார்த்தே அடுத்த நூறு மீட்டரின் தரையை ஓரளவு ஊகிக்கக் கற்றுக்கொண்டால், பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 35 மி.மீ. டயர் ஆற்றங்கரையோரச் சரளைப் பாதைக்குப் போதும். இந்தக் காட்டுக்கு 45 மி.மீ. அல்லது அதற்கும் அகலமான டயரையே நான் பரிந்துரைப்பேன். ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ள ஒருவர், டியூப் இல்லாத 45 மி.மீ. டயரில் 2 முதல் 2.5 பார் (காற்றழுத்த அலகு) வரை காற்று வைத்துத் தொடங்கலாம். எடை கூடுதலானால் அழுத்தத்தையும் சற்றுக் கூட்ட வேண்டும். டியூப் போட்ட டயரில் இவ்வளவு குறைவாக வைத்தால், வேரிலோ கல்லிலோ மோதும்போது டியூப் விளிம்பில் நசுங்கி இரட்டைத் துளை விழும் என்பதால், அதற்குச் சற்று அதிகக் காற்று தேவை. எப்படியானாலும் உதிரி டியூப் ஒன்று, சிறிய பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல், சங்கிலி இணைப்பு ஒன்று ஆகியவை பையில் இருக்கட்டும். காட்டுக்குள் சைக்கிள் கடை கிடையாது. ஜெர்மனியின் சாலை விதிகளின்படி மணியும், தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக்குகளும், இருட்டில் ஓட்டுவதற்கு முன்பின் விளக்குகளும் கட்டாயம். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், அதை அணியாமல் புறப்பட வேண்டாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, மக்கள் கூட்டமாக வரும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களை விட மே மாதமும் செப்டம்பரும் ஏற்றவை. நீண்ட வறட்சிக்குப் பிறகு மணல் மாவு போல உதிர்ந்துவிடும்; ஒரு நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதே பாதை கெட்டிப்பட்டு, நினைத்ததை விட வேகமாக ஓடும். ஆகையால், வானிலை முன்னறிவிப்பில் அடுத்து வரும் நாளைப் பார்ப்பதோடு கடந்த வாரத்தில் பெய்த மழையையும் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் பீச் காடு செம்பொன் நிறமாக மாறி அழகின் உச்சத்தில் இருக்கும். ஆனால் உதிர்ந்த ஈர இலைகளின் அடியில் வழுக்கும் வேர்கள் மறைந்திருக்கும். வேட்டைக்காகச் சில பாதைகள் அடைக்கப்படுவதும் அந்தக் காலத்தில்தான். தடுப்புப் பலகையைக் கண்டால் தயங்காமல் திரும்பிவிட வேண்டும்.

முதன்முறை வருபவருக்கு, ஒரு ரயில் நிலையத்தில் தொடங்கி மற்றொரு நிலையத்தில் முடியும் பாதையே வசதியானது. பெர்லினிலிருந்து ஆர்.ஈ.5 வட்டார ரயிலில் ஏறி, ஹாஃபல் ஆற்றங்கரையில் உள்ள ஃபியூர்ஸ்டன்பெர்க்கில் இறங்கலாம். அங்கிருந்து மேற்கே ஷ்டைன்ஃபோர்டே வழியாகக் காட்டுக்குள் நுழைந்தால், பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் ஷ்டெக்லின் ஏரிக்கரையில் உள்ள நொய்க்ளோப்சோ கிராமம் வரும். அடுத்து, தெற்கே மென்ஸ் கிராமம் வரை காட்டுப் பாதை. அங்கே பூங்காவைப் பற்றிய காட்சிக்கூடம் இருக்கிறது. மென்ஸிலிருந்து மேலும் பதினைந்து கிலோமீட்டர் போல தென்கிழக்காக ஓட்டினால், இடைக்காலத்து மதில் இன்றும் நிற்கும் கிரான்சே நகரமும், அதே ஆர்.ஈ.5 ரயிலின் நிலையமும் வந்துவிடும். ஏரியைச் சுற்றியுள்ள கிளைப் பாதைகளையும் சேர்த்தால் மொத்தம் 45 முதல் 50 கிலோமீட்டர் ஆகும். தார்ச்சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் முடியக்கூடிய இந்தத் தூரத்துக்கு, நின்று பார்க்கும் நேரம் உட்பட, ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். காட்டுக்குள் கைபேசி இணைப்பு துண்டிக்கப்படும் இடங்கள் உண்டு என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.

மணலில் ஓட்டும் கலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். மணல் திட்டு கண்ணில் பட்டவுடன், அதற்குள் இறங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறிவிட வேண்டும். உள்ளே போன பிறகு மாற்ற முயன்றால், சங்கிலி தடுமாறும் அந்த ஒரு நொடியிலேயே வேகம் போய்விடும். இருக்கையில் சற்றுப் பின்னால் நகர்ந்து, எடையைப் பின்சக்கரத்தின் மேல் வைத்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களைத் தளர்த்துங்கள். முன்சக்கரம் இடமும் வலமும் சிறிது அலையும், அலையட்டும். அதை வலுக்கட்டாயமாக நேராக்க முயல்வதும், முன்பிரேக்கைப் பிடிப்பதும், பெடல் மிதிப்பதை நிறுத்துவதும்தான் விழவைக்கும் மூன்று காரணங்கள். பார்வையைச் சக்கரத்துக்கு அடியில் பதிக்காமல், மணல் முடியும் இடத்தில் பதித்து, சீராக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதையின் நடுவில் புல் முளைத்த வரப்பு இருந்தால் பெரும்பாலும் அதுவே உறுதியான தரை. இத்தனைக்கும் பிறகு வேகம் அடங்கிப்போனால், இறங்கி ஐம்பது மீட்டர் தள்ளிச் செல்வதில் எந்தக் குறையும் இல்லை. பாதையை விட்டு விலகி, பக்கத்துப் பாசிப் படுகையில் புதுத்தடம் போடுவதுதான் தவறு.

கிராமங்களை நெருங்கும்போது பழைய உருண்டைக் கல் பாவிய சாலைகள் வரும். அவற்றில் மெதுவாகப் போனால் அதிர்ச்சி குறையும் என்று தோன்றும். உண்மையில் சற்றுக் கனமான கியரில், சீரான வேகத்தில், முழங்கைகளை மடக்கி வைத்து ஓட்டினால்தான் உடல் தப்பும்.

ஜெர்மனியின் கூட்டாட்சி வனச் சட்டம், காட்டுக்குள் சைக்கிளைச் சாலைகளிலும் பாதைகளிலும் மட்டுமே அனுமதிக்கிறது. மஞ்சள் பலகையில் கருநிற ஆந்தை வரையப்பட்டிருந்தால் அது இயற்கைக் காப்பிடம்; அங்கே பாதையை விட்டு ஓர் அடி கூட விலகக் கூடாது. காட்டில் நெருப்பு மூட்டுவதும் புகைபிடிப்பதும் தடை செய்யப்பட்டவை. காய்ந்த பைன் ஊசிகள் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால், கோடையில் புறப்படும் நாளன்று காட்டுத் தீ அபாய நிலையைப் பார்த்துவிடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான அந்த அளவுகோலில் ஐந்தாம் நிலை அறிவிக்கப்பட்டால், வேறொரு நாளைத் தேர்ந்தெடுப்பதே சரி. விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112.

ஷ்டெக்லின் ஏரியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ 70 மீட்டர் ஆழமுள்ள இந்த ஏரி, தெளிந்த நீருக்குப் பெயர் பெற்றது. உலகில் வேறெங்கும் வாழாத ஒரு சிறிய வெள்ளிநிற மீனினத்துக்கு இது ஒன்றே இருப்பிடம். இதற்கும் நேமிட்ஸ் ஏரிக்கும் இடையே 1966 முதல் 1990 வரை அணுமின் நிலையம் ஒன்று இயங்கியது. குளிர்விப்பதற்காக நேமிட்ஸ் ஏரியிலிருந்து எடுத்த நீரைச் சூடான நிலையில் ஷ்டெக்லினில் விட்டார்கள். அண்மை ஆண்டுகளில் நீரில் பாஸ்பரஸ் பெருகி, ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்து வருவதை, கரையிலேயே இயங்கும் நன்னீர் ஆய்வு நிலையம் பதிவு செய்துள்ளது. இப்படி நலிந்துவரும் ஏரிக்கு நாம் மேலும் சுமை ஏற்றக் கூடாது. கரையை ஒட்டிய ஒடுங்கிய தடத்தை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டு, சற்று உள்ளே செல்லும் அகலமான காட்டுப் பாதையில் ஓட்டுங்கள். நீரருகே போக விரும்பினால் சைக்கிளை மேலேயே சாய்த்துவிட்டு நடந்து இறங்குங்கள். சக்கரங்கள் சரிவில் இறங்கினால் கரை மண் அரிக்கப்பட்டு ஏரிக்குள் போகும். நீந்துவதற்கு நொய்க்ளோப்சோவில் குளிக்கும் துறை உண்டு. சைக்கிளையோ புட்டியையோ ஏரியில் கழுவ வேண்டாம்.

உணவுக்குக் கிராமங்களை முழுமையாக நம்பிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். ஆகவே இரண்டு பெரிய புட்டி நீரும், நாள் முழுவதற்கும் போதுமான உணவும், கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்க வேண்டும். ரயிலில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கோடைக்கால வாரயிறுதி மாலைகளில் சைக்கிள் பெட்டி நிரம்பிவிடுவதால், கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தையதையே குறியாக வையுங்கள்.

வீடு திரும்பியதும், சங்கிலியின் மணலைத் துடைப்பதற்கு முன்பே உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை, அக்குள், காதின் பின்புறம் ஆகியவை அது விரும்பும் இடங்கள். கண்டால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், மெதுவாக நேரே இழுத்து எடுத்து, அந்த இடத்தில் கிருமிநாசினி தடவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் சிவந்த வட்டம் தோன்றினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயாக இருக்கக்கூடும் என்பதால், குறித்து வைத்த தேதியோடு உடனே மருத்துவரைப் பாருங்கள்.