பாம்பன் கருவாட்டுக் கடைக்கு ஒரு சர்வர்: சாட்பாட் துணையோடு கட்டுவது எப்படி?

பாம்பனில் என் அத்தை கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். நெத்திலி, சூடை, திருக்கை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை நோட்டில் எழுதி மாளவில்லை. அதற்காக ஒரு சின்ன வெப்சைட் போட்டேன். கிளவுட் வேலை, அதாவது அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் சர்வரை வாடகைக்கு எடுத்து அமைப்பது, முழுக்க ஏஐ சாட்பாட் துணையோடுதான். புதிதாகத் தொடங்குபவர்களும் இப்படிச் செய்யலாம். ஆனால் அது தருவதைப் படிக்காமல் ஓட்டிவிடாதீர்கள்.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

நாளுக்கு எத்தனை பேர் வருவார்கள், மாதம் எவ்வளவு செலவு செய்ய முடியும், எப்போது கூட்டம் கூடும்? எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஆர்டர் குவியும். பச்சை மீன் வரத்து குறைந்தால் கருவாட்டுக்குக் கிராக்கி. நாம் சொன்னால்தான் இது சாட்பாட்டுக்குத் தெரியும்.

2. அதைக் கேள்வி கேட்க விடுங்கள்

"கடைக்கு கிளவுட் டிசைன் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டேன். லோட் பேலன்சர் (வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), நாட் கேட்வே (உள்ளே மறைந்திருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழி) என்று பெரிய கம்பெனிக்கு உரியதை எடுத்து நீட்டியது. நாட் கேட்வேக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். அப்புறம் இப்படிக் கேட்டேன்:

"நாளுக்கு 150 பேர், 300 படங்கள், மாதச் செலவு 1,500 ரூபாய்க்குள். ஏடபிள்யூஎஸ், மும்பை ரீஜியன். டிசைன் தரும் முன் தெரிய வேண்டியதை என்னிடம் கேள். எது இல்லாவிட்டாலும் கடை ஓடும் என்றும் சொல்."

பேக்கப் எத்தனை நாளுக்கு வேண்டும், விலையை யார் மாற்றுவார்கள் என்று திருப்பிக் கேட்டது. கடைசியில் ஒரு சின்ன சர்வர், தினசரி பேக்கப், படங்களுக்கு ஓர் எஸ்3 பக்கெட் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் இடம்), அவ்வளவுதான். ரீஜியனை, அதாவது சர்வர் எந்த ஊர்ப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை, மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல நேரம் அமெரிக்காவின் வர்ஜீனியாவைப் போட்டுவிடும்.

3. பிளானைப் படியுங்கள்

டெர்ராஃபார்ம் என்பது, என்னென்ன வேண்டும் என்று ஃபைலில் எழுதிக் கொடுத்தால் கிளவுடில் அதைக் கட்டித் தரும் மென்பொருள். டிசைனை டெர்ராஃபார்ம் ஃபைலாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் டெர்ராஃபார்ம் இனிட் (terraform init) கட்டளை, அது தேவையானதைத் தயார் செய்யும். பிறகு டெர்ராஃபார்ம் பிளான் (terraform plan), அது எதையும் கட்டாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். எரர் வந்தால் அப்படியே காப்பி செய்து சாட்பாட்டிடம் கொடுங்கள், பெரும்பாலும் சரி செய்துவிடும்.

பிளானில் மாறப்போகும் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குறி இருக்கும். + என்றால் புதிதாக உருவாகும், ~ என்றால் மாறும், - என்றால் அழியும். -/+ வந்தால் கையை எடுத்துவிடுங்கள்: இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறது. அது டேட்டாபேஸாக இருந்தால் ஆர்டர் கணக்கு மொத்தமும் போய்விடும். புரியாத வரியைக் காட்டி "இது ஏன்?" என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல். சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் 22ஆம் போர்ட் 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரிக்கும், என்று திறந்திருந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் சர்வர் கதவைத் தட்டலாம். உங்கள் ஐபி முகவரியோடு (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) /32 சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், /32 என்றால் அந்த ஒரு முகவரி மட்டும். வெப்சைட்டைப் பார்க்க வருபவர்களுக்கான 80, 443 இரண்டும் மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும்.

4. சாவியைக் கொடுக்காதீர்கள்

சீக்ரெட் கீ (ஏடபிள்யூஎஸ் கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி), பாஸ்வேர்டு எதையும் சாட்டில் ஒட்டாதீர்கள். டெர்ராஃபார்ம் தான் கட்டியதைக் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைலையும்தான், அதற்குள் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில் கிடக்கலாம்.

5. கட்டி, இடித்துப் பாருங்கள்

செலவு எல்லை தாண்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட்டை ஏடபிள்யூஎஸ்ஸில் வைத்துவிட்டு, பிளானில் பார்த்ததைக் கட்டும் டெர்ராஃபார்ம் அப்ளை கொடுங்கள். சைட் திறந்ததும் டெர்ராஃபார்ம் டெஸ்ட்ராய் கொடுத்து எல்லாவற்றையும் அழியுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஏடபிள்யூஎஸ்ஸில் பொது ஐபிவி4 முகவரி (சர்வரை இணையத்தில் அடையும் எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம் உண்டு. அதனால் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று ஏடபிள்யூஎஸ் கன்சோலில் (அதன் நிர்வாக வெப்பக்கத்தில்) ஒருமுறை பாருங்கள். பிறகு மறுபடி அப்ளை. அத்தையின் ஆர்டர்களை ஏற்றும் முன் நான் மூன்று முறை இப்படிக் கட்டி இடித்தேன்.